திருப்பி அனுப்பியவர் வீடு கட்டுகிறார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வீடு இன்னும் காகிதத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை என்பதால் அதன் நலத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அங்கே நீங்கள், தங்கை, குழந்தைகள், முக்கியமாக உங்கள் அக்காவின் இரண்டு முழங்கால்கள் எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் அக்கா உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஏழு மாதம் பதினோரு நாள். பழைய வீட்டை இடித்த கையோடு நாங்கள் குடிவந்த இந்த மாடி அறைக்கு முப்பத்தோரு படிகள். முழங்கால் ஆபரேஷன் ஆன மனுஷி எப்படி ஏறுவாள்? "கீழ ஒரு ரூம் கட்டிட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் தம்பி வீட்ல இருக்கேன்" என்று கிளம்பிவிட்டாள். ஆறு மாதம் போதும் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். சும்மா கொடுக்கவில்லை. கட்டட அனுமதிப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த வரைபடம் வந்தாலும் ஒரு தடவையாவது திருப்பி அனுப்பாமல் விட்டதில்லை என்பதால் ஆபீஸில் எனக்குத் 'திருப்பி' என்றே பெயர். ஊரார் வீட்டுக்கெல்லாம் அனுமதி கொடுத்தவனுக்குத் தன் வீட்டுக்கு வாங்கத் தெரியாதா என்று ஒரு தெம்பு. உங்கள் அக்கா அப்போதே சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று இப்போதுதான் புரிகிறது.

முதல் கட்டம், நமக்கு என்ன வேண்டும் என்று சொல்வது. ஆர்க்கிடெக்ட் அம்மாள் கெட்டிக்காரப் பெண். "என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க சார்" என்றார். நான் ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன், அவர் அதை ஒரே பக்கத்தில் அழகாக மாதிரிப் படம் போட்டுக் கொண்டுவந்தார், பார்த்ததும் என் மனசு நிறைந்துவிட்டது, ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, வடக்கே அம்புக்குறி இல்லை, சன்னல்களுக்கு எண் இல்லை, மழைநீர் எங்கே போகிறது என்று காட்டவில்லை என்று குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்படி நான்கு தடவை. ஐந்தாவது தடவை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், நீங்க என் பக்கமா, ஆபீஸ் பக்கமா? அத மொதல்ல சொல்லுங்க, அப்புறமா வரையறேன்" என்றார். நியாயமான கேள்வி. ஆபீஸ் என் படத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இரண்டு மாதம் போனது இந்த விதமாகத்தான்.

அடுத்தது விவரப் படங்கள். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், காற்றோட்டம் என்று வீட்டின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். பிளம்பர் தன் படத்தை மேசையில் விரித்தார், எலக்ட்ரீஷியன் தன் படத்தை அதன்மேல் விரித்தார், இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், மாடியிலிருந்து இறங்கும் கழிவுக் குழாயும் மெயின் போர்டும் ஒரே சுவரில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. "கொழாய நெனச்ச எடத்துல வளைக்க முடியாதுங்க. அவரோடது ஒயர்தானே, எங்க வேணா வளையும்" என்றார் பிளம்பர். "ஒயர் வளையும். நான் வளைய மாட்டேன்" என்றார் எலக்ட்ரீஷியன். கடைசியில் வளைந்தது வீடுதான். குழாய் சமையலறைப் பக்கம் போயிற்று, அதனால் சமையலறைச் சன்னல் அடைபட்டது, அந்தச் சன்னல் வெளிக்காற்றுக்குத்தான் திறக்க வேண்டும் என்பது விதி, ஆகையால் சமையலறை கூடத்துக்குள் வந்தது, கூடம் படிக்கட்டைத் தள்ளியது, படிக்கட்டு பக்கத்து வீட்டுக்காரர் மனையில் இறங்கப் பார்த்தது. காகிதத்திலேயே நாங்கள் மூன்று வீடு மாறிவிட்டோம். அப்புறம் ஒருநாள் காலை ஆர்க்கிடெக்ட் அம்மாள், "எல்லாம் உக்காந்துடுச்சு சார்" என்று வந்து நின்றார். வந்த சந்தோஷத்தில் நான் எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இனி ஆபீஸ் படலம். எனக்கு அடுத்த மேசையில் பத்து வருடம் இருந்த உதவியாளர்தான் இப்போது படங்களைச் சரிபார்க்கிறார். எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார், நலம் விசாரித்தார், பிறகு அதே மரியாதையோடு படத்தை நிராகரித்தார். பக்கச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடத்தில் அரை அங்குலம் குறைகிறதாம். "செங்கல்லிலிருந்து அளந்தால் சரியாக இருக்கிறதே" என்று கேட்டேன். "பூச்சையும் சேத்து அளக்கணும்னு சுற்றறிக்கை இருக்கு சார். நீங்க எழுதுனதுதான். கையெழுத்துகூட உங்களுது" என்று அலமாரியிலிருந்து எடுத்தே காட்டினார். தன் கையே தனக்கு உதவி என்பார்கள். என் கை எனக்கு வைத்தது ஆப்பு. அரை அங்குலத்துக்காக ஒரு சுவர் முழுவதையும் திரும்ப வரைந்து, ஆறு பிரதி எடுத்து, மறுபடி போனோம். அனுமதிப் படிவத்தின் நாற்பது நிபந்தனைகளைத் தாண்டியாயிற்று. நாற்பத்தோராவது, பிரிவுக் கண்காணிப்பாளரின் கையெழுத்து. அதையும் படிவத்தில் சேர்த்த மகானுபாவன் நானே. கண்காணிப்பாளர் யார் என்று கேட்டால், யாருமில்லை. நான் ஓய்வு பெற்றதிலிருந்து என் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. "நீங்க இருந்திருந்தா உடனே முடிஞ்சிருக்கும் சார்" என்று உதவியாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் இருந்திருந்தால் அந்தக் கோப்பின் கதி என்ன என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் மச்சான், இப்போது நல்ல செய்தி. வருகிற திங்களன்று அந்த நாற்காலிக்கு யாரோ ஒருவரைத் தற்காலிகமாகப் போடுகிறார்களாம். வந்த அன்றே கையெழுத்தாகிவிடும். மேஸ்திரி ஆட்களோடு தயாராக இருக்கிறார், கீழ்த்தளத்து அறையை மட்டும் நான்கே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். எனவே நான்கு மாதம் கழித்து வரும் முதல் வெள்ளிக்கிழமைக்கு இன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். அக்காவிடம் தேதியையும் சொல்லிவிடுங்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. விதிமுறைப் புத்தகத்தோடு எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது? அதுவும் அவளைப்போல் ஒரே பதிலைத்தான் சொல்கிறது, ஆனால் சிரிக்க மாட்டேன் என்கிறது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கைக்கு என் அன்பு. ஏழு மாதமாக என் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும், குழாய்கள் அடைக்காமலும், சுவர்கள் எல்லாம் எல்லைக்குள்ளேயும் நீடூழி நிற்கட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் மச்சான் (மனுதாரர்)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டதால் தபாலில் சேர்க்கவில்லை. அந்தத் தற்காலிக ஆசாமி நான்தான். இன்று திங்கள், காலையில் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மேசையில் முதல் கோப்பு என்னுடையது. தன் கோப்பைத் தானே அங்கீகரிக்கக் கூடாது, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பியிருந்தால் இரண்டு நாளில் முத்திரையோடு வந்திருக்கும். அனுப்பும் குறிப்பில் கையெழுத்துப் போட உதவியாளர் பேனாவைத் திறந்தே கொடுத்தார். பழக்கதோஷத்தில் படத்தை ஒரு தடவை விரித்தேன். வீட்டுக்காரனாகப் பார்த்தபோது கண்ணில் படாதது, நாற்காலியில் உட்கார்ந்ததும் பட்டது. எல்லாவற்றுக்கும் இடம் பண்ணிப் பண்ணி, கடைசியில் உங்கள் அக்காவின் குளியலறைக் கதவை இரண்டடியாக நெருக்கியிருக்கிறார்கள். காலையில் போன் போட்டு, காரணம் சொல்லாமல், அவள் பிடித்து நடக்கிற வாக்கரின் அகலத்தை அளக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். இரண்டடி ஓர் அங்குலம் என்றீர்கள். வாக்கரை வெளியே விட்டுவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதை நினைத்துப் பார்த்தேன். என் நாற்பத்தோரு நிபந்தனைகளில் ஒன்றுகூட அதைத் தடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ. நாற்பத்திரண்டாவதாக, குளியலறைக் கதவு வாக்கர் நுழையும் அகலம் இருக்க வேண்டும் என்று என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன், அதன்படி என் படத்தை நிராகரித்துவிட்டேன். தன் கோப்பை அங்கீகரிக்கத்தான் கூடாது. நிராகரிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆர்க்கிடெக்ட் அம்மாளுக்குப் போனில் சொல்லிவிட்டேன். முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். டிக்கெட் எடுக்க வேண்டாம். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மச்சான். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.