பெரியப்பாவின் கால்விரல் செத்த கதை

மருத்துவ மாணவர்களை மூன்றாம் வருடத்தில் வீட்டுக்கு விடவே கூடாது. முதல் இரண்டு வருடமும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். மூன்றாம் வருடத்தில் அதுவும் மறந்துபோகும். சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

அந்த வருடம்தான் எங்களுக்கு நோயியல் தொடங்கியது. உடலின் கலங்கள், அதாவது உயிரணுக்கள், எப்படியெல்லாம் சாகின்றன என்பதே முதல் பாடம். இரத்தம் கிடைக்காமல் செத்தால் உருவம் குலையாமல் விறைத்துக் கிடக்கும். மூளையில் செத்தால் கரைந்து கூழாகும். காசநோயில் செத்தால் பாற்கட்டி மாதிரி உதிரும். வேறு சில கலங்கள் தங்கள் காலம் முடிந்ததென்று அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் தாமாகவே ஒடுங்கிப்போகும். (அந்த அடக்கத்தில் கொஞ்சம் எனக்கு இருந்திருக்கலாம்.)

விடுமுறைக்கு எங்கள் ஊரான பரந்தனுக்கு வந்தபோது பெரியப்பா முற்றத்தில் கதிரை போட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வலது பெருவிரல் கன்னங்கரேலென்று இருந்தது. கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவே கோடு கிழித்தது போல ஓர் எல்லை. என் புத்தகத்துப் படம் அப்படியே! இரத்த ஓட்டம் நின்று விரல் காய்ந்து கறுத்துப்போகும் உலர் அழுகல். சேப்டி பின்னை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“பெரியப்பா, குத்துறது தெரியுதோ?”

“இல்லைப் பிள்ளை.”

(நாற்பது வருடம் வெறுங்காலோடு வயலில் நடந்த காலுக்கு ஆணி அடித்தாலும் தெரியாது.) அடுத்து, புறங்காலில் நாடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. (தேடிய இடமே பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.)

“விரல் செத்துப்போச்சு பெரியப்பா. உடனை எடுக்காட்டிக் காலும் போகும்.”

அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற பெரியம்மா குழறி அழுதுகொண்டு வெளியே வந்தா. பெரியப்பா விரலை நெடுநேரம் பார்த்தார். “விதைப்பு முடியட்டும், பிறகு வெட்டட்டுமன்” என்றார் மெதுவாக.

“ஏலாது!” என்றேன், பேராசிரியர் குரலில்.

அவர் கதிரையை விட்டு எழும்பினார். பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு விதைப்பை ஒப்படைத்தார். காணி உறுதிப் பத்திரம் அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பெரியம்மாவுக்குச் சொன்னார். ஓட்டோவில் ஏறினோம். பெரியம்மா அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக அம்மனைக் கூப்பிட்டபடி வந்தா.

ஆஸ்பத்திரியில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினேன். தாதி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குனிந்து, விரலை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தா.

“ஐயா, தார் ஏதும் பூசினீங்களோ?”

“ஓம் மிஸ். வேலிக் கட்டையளுக்குக் கறையான் பிடிக்காமல் பூசினனான். காலிலையும் கொட்டுப்பட்டது.”

தாதி பஞ்சில் எண்ணெய் நனைத்து அழுத்தித் தேய்த்தா. நகமும் சதையுமாக, உயிருள்ள ஒரு விரல் வெளியே வந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

“ஏனப்பா, தாரெண்டு இவளுக்குச் சொல்லியிருக்கலாமே?” என்று சீறினா பெரியம்மா.

“தார் மேலைதானே கிடக்கு. உள்ளுக்குச் செத்துப்போச்சாக்கும் எண்டு நினைச்சன். படிச்ச பிள்ளையெல்லோ சொல்லுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் கையால் பூசிய தாரை விட என் வாயை நம்பிக் காலைக் கொடுக்க வந்திருக்கிறார் மனிதர். காலில் என்ன பட்டது என்ற ஒரேயொரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும்.

இப்போது நான் உடலின் இழையங்களை, அதாவது திசுக்களை, நுணுக்குக்காட்டியில் பார்த்து நோய் சொல்லும் மருத்துவர். நான் என்ன டொக்டர் என்று ஊரில் யார் கேட்டாலும் பெரியப்பா முந்திக்கொள்வார்.

“வெட்டி எடுத்த சதையைப் பாக்கிற டொக்டர். வெட்டுறதுக்கு முதல் இவளைப் பாக்க விட்டால் ஊரிலை ஒருத்தருக்கும் கால் மிஞ்சாது.”