பாயிண்ட் ஒன்பதுக்குக் கீழே பிரிண்ட் கிடையாது

செஞ்சி வட்டாரத்தில் பாயிண்ட் ஒன்பதிடம் திட்டு வாங்காமல் பட்டம் வாங்கியவர் எவரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. கடை. ஆய்வேடுகளுக்குக் கணக்குப் போட்டு, அச்சடித்து, பைண்டிங்கும் செய்து தருவார். அதற்கு முன் ஒரு சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் இருந்தவர். அங்கே இரண்டு கருவிகளின் அளவுகளுக்கு இடையே ஒட்டுறவு 0.9-க்குக் கீழே இறங்கினால் கருவி ரிப்பேர் என்று அர்த்தம். வேலையை விட்டார், விதியை விடவில்லை; பட்டப்பெயர் அப்படி வந்தது.

ஒட்டுறவு என்பது, ஒன்று கூடும்போது இன்னொன்றும் எவ்வளவு ஒழுங்காகக் கூடுகிறது என்று சொல்லும் எண். ஒன்று என்றால் இணைபிரியாத ஜோடி. பூஜ்யம் என்றால் யாரோ, யாருக்கோ.

மழைக்கும் மணிலாக்கடலை மகசூலுக்கும் 0.6 கொண்டுவந்த வேளாண் மாணவியிடம், மழையை எந்த வாளியில் பிடித்தாள் என்று விசாரித்தார். சம்பளத்துக்கும் மனநிறைவுக்கும் 0.97 கொண்டுவந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரே எண் வரிசையை இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறான் என்று கண்டுபிடித்து, கல்லூரியில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனித மனசில் 0.97 வந்தாலே அவர்களுக்குச் சந்தேகம்.

என் எம்.எட். ஆய்வு, பிள்ளை படிக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு பற்றியது. 0.31 வந்திருந்தது. அன்று மாலை ஐந்துக்குள் விழுப்புரம் கல்லூரியில் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அப்போதே மணி இரண்டு.

“இது இன்னா ஒறவு? பஸ்ல பக்கத்து சீட்டு ஒறவு. பிரிண்ட் போட மாட்டேன், போ.”

மனிதர்களைப் பற்றிய ஆய்வில் 0.3 மதிக்கத்தக்கதுதான் என்று புத்தகத்தைக் காட்டினேன். வாங்கி மூடி வைத்தார்.

“உங்க வூட்ல நீதான மொதல்ல படிச்சவன்? பக்கத்துல யாரு ஒக்காந்தாங்க?”

“எங்க நைனாதான் அண்ணே. அவருக்குப் படிக்கத் தெரியாது,” என்று என் அப்பாவைச் சொன்னேன்.

“அவரு ஒக்காந்ததாலதான் பாஸ் பண்ணியா?”

அது மட்டும் இல்லை என்று, கணக்கு வாத்தியார், சத்துணவு, இலவச பஸ் பாஸ், பரீட்சை நேரத்தில் வராமல் போன காய்ச்சல் என அடுக்கிக்கொண்டே போனேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இரண்டு கையும் போதவில்லை.

“இத்தினி பேர் சேந்து இழுத்ததுல, சும்மா ஒக்காந்திருந்த மனுசனுக்கே பாயிண்ட் மூணா?” என்றார். மவுஸைப் பிடித்து என் கோப்பைத் திறந்தார். “ஜாஸ்திடா அது.”

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. நாலரைக்கு விழுப்புரத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் பக்கத்தைப் புரட்டி, இது ரொம்ப பலவீனமான ஒட்டுறவு ஆயிற்றே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எந்தத் துறையில சார்?”

இஸ்திரி போட்ட சட்டையில் பாயிண்ட் ஒன்பது. அவரை உடனே வெளியே அனுப்பினார்கள். பாயிண்ட் ஒன்பது கேட்ட கேள்விக்கான பதிலை, கருவிகளில் இது பலவீனம், மனிதர்களில் மதிக்கத்தக்கது என்று நான் சொல்லி முடித்தேன்.

தேறிவிட்டேன் என்று வராந்தாவுக்கு வந்து சொன்னதும், உன்னால் இன்றைக்குக் கடை பூட்டிக் கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தார். செஞ்சி பஸ் வரும்வரை விடவில்லை.