கங்காணி அண்ணனின் இடது பக்கம்

ஹட்டனில் கணினித் திரையை அதட்டி வேலை வாங்கிய மனிதர் கங்காணி அண்ணன் ஒருவர்தான். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற ஆண்டின் ஆடி மாதத்தில் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை.

காலையில் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு நடக்குமே, அதை அவர் திரையில் நடத்துவார். நிரல் எழுதும் பேனல், கோப்புகள் பேனல், பிழைகளைச் சிவப்பில் காட்டும் பேனல் எல்லாவற்றையும் இழுத்து இழுத்து நிறுத்துவார்.

"பிழைக்காரா, நீ ஏன்டா அந்தக் கோடியில நிக்கிற? இந்தப் பக்கம் வா."

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

அவருக்கு இரு கண்களிலும் வலது பக்கப் பார்வை போய்க்கொண்டிருந்தது. போனது திரும்பாது என்று கண்டி டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் இதை மறைக்கவில்லை. "வலப்பக்கம் பட்டிப்பொல மாதிரி, தம்பி. எந்நேரமும் மூடுபனி." மிச்சமிருந்த பார்வைக்குள் இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே அவருடைய ஒரே கவலை.

பேனல்கள் மெல்ல மெல்ல இடது பக்கம் நகர்ந்தன. இரண்டாவது தீபாவளிக்குள் திரையின் வலது பாதி காலி.

"அண்ணே, அந்தப் பாதி சும்மாதான கெடக்கு, வாடகைக்கு விடுவமா?" என்றாள் உடன் வேலை செய்த சுதா.

"விடு. குடி வர்றவங்க மொகம் எனக்குத் தெரியாது, நீயே பாத்துக்க."

அந்த மார்கழியில் நிரல் எழுதும் செயலியின் புதிய பதிப்பு தானாக ஏறி, பிழைப் பேனலை வலது கோடிக்குத் தள்ளிவிட்டது. கண்ணில் சிவப்பே படவில்லை என்று அண்ணன் நிம்மதியாக நிரலைத் தோட்டங்களுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் எந்தக் கூடையை வைத்தாலும் நிறை பூஜ்யம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏங்க, காலையில இருந்து நாங்க காத்தையா பறிச்சோம்?"

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம். முதலாளி யாரையும் திட்டவில்லை. அண்ணன்தான் கணினியை அணைத்தார்.

"அவங்க வயித்துல கை வைக்கிற அளவுக்கு வந்திருச்சு. போதும்."

"அனுப்புறதுக்கு முந்தி நாங்க பாத்துத் தர்றோம்ண்ணே," என்றாள் சுதா.

"எத்தனை நாளைக்கும்மா? ஒனக்கும் வேலை இருக்குல்ல."

அன்று மாலை பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். அவருடைய வலப்பக்கம் ஒருவரும் நிற்கவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, இடது பக்கத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றோம்.