வல்கன் படமும் பென்சில் கையெழுத்தும்

ஒரு நாடு தன் வீரர்களை எப்படிப் போற்றுகிறது என்று அறிய விரும்புகிறவர்கள், சனிக்கிழமையன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமக் கூடம் ஒன்றுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். ஹோரஸ் ஆக்ரில் நுழைந்தார். நுழைந்ததுமே முணுமுணுக்கத் தொடங்கினார். இந்தக் காலத்து ஜனங்களுக்கு என்னதான் வந்துவிட்டது? வல்கன் குண்டுவீச்சு விமானம் நிஜமாகவே கூரைக்கு மேல் பறந்த நாட்களில், ஓடு உடைகிறது, கோழி முட்டையிட மறுக்கிறது என்று மனு எழுதியவர்கள் இதே ஜனங்கள்தான். இப்போது அதே வல்கனின் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட வரிசையில் நிற்கிறார்கள். சத்தம் போடாத விமானம் என்றால் எல்லோருக்கும் தேசபக்தி வந்துவிடுகிறது.

ஹோரஸ் பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்டு, சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் லாரி ஓட்டியே கிழவரானவர். படம் வாங்க அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் தர்ல்பியைக் காரில் அழைத்து வந்திருந்தார். டெஸ்மண்ட் ஒரு காலத்தில் வல்கன் ஓட்டியவர். சமீபத்தில்தான் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. "மதியத்துக்குள்ள அப்பாவைக் கொண்டுவந்து விட்டுடுங்க. ரொம்ப நேரம் உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று மகள் கெஞ்சி அனுப்பியிருந்தாள்.

மதியம் போய்விட்டது. டெஸ்மண்டின் உதடு வெளுத்துவிட்டது. படங்களில் கையெழுத்துப் போடும் பென்சில் மட்டும் ஓயவில்லை.

பட வியாபாரி ராட்னி வெள்ளைக் கையுறை அணிந்து, அச்சுப் படங்களைக் கைக்குழந்தை போல் ஏந்தி வந்துகொண்டிருந்தார். இவ்வளவுதான் அச்சிடுவோம் என்ற 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' காலையிலேயே தீர்ந்துபோயிற்று. பிறகு 'ஓவியர் பிரதி' வந்தது. அதுவும் தீர, 'படைப்பிரிவுச் சிறப்புப் பிரதி' வந்தது. வரையறை மிகவும் கண்ணியமானது. விற்க விற்க ஒதுங்கி வழிவிட்டது.

"யோவ், போதும். எந்திரி" என்றார் ஹோரஸ்.

"இன்னும் கொஞ்சம் பேர்தாம்பா."

"மதியமும் இதையேதான் சொன்னே. மூஞ்சியக் கண்ணாடில பாரு, தாள் மாதிரி இருக்கு."

ராட்னி பதறினார். "பெரியவரே, விமானி கையெழுத்து இருந்தாத்தான் படத்துக்கு மதிப்பு!"

வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் குனிந்து, ஒரே கேள்வியைக் கனிவோடு கேட்டார்கள்: "ஐயா, உடம்பு எப்படி இருக்கு?" ஹோரஸுக்கே மனம் இளகியது. நல்ல ஜனங்கள்தான் போலிருக்கிறது. இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. விமானப்படையின் டை கட்டிய, விமானப்படைக்கே போகாத ஒருவரைப் பிடித்துக் கேட்டார்.

"ஏன் எல்லாரும் அவன் உடம்பையே விசாரிக்கிறீங்க?"

டைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "முதலீடு பாருங்க. கையெழுத்துப் போட்டவர் காலமாயிட்டா விலை ரெண்டு மடங்கு. போன தடவை ஒருத்தர்கிட்ட வாங்கினேன், கிறிஸ்துமஸுக்குள்ள போய்ச் சேந்துட்டார். தங்கமான மனுஷர்!"

ஹோரஸ் நேரே போய், ராட்னி அறிவிப்புச் செய்ய வைத்திருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஆபரேஷன் பிரமாதம். இதயத்துக்குப் புது வால்வு போட்டாச்சு. நூறு வயசுக்குக் கவலையே இல்லைன்னுட்டார் டாக்டர். இவங்கம்மா தொண்ணூறு தாண்டி, சாகற வருஷம்கூடத் தோட்டத்துல புல்லு வெட்டினாங்க!"

கூடத்தில் ஆழ்ந்த துக்கம் நிலவியது. பிறகு வரிசை, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டபடி கலைந்தது. ஒருவருக்கு அடுப்பில் இறைச்சி நினைவுக்கு வந்தது. இன்னொருவருக்குக் காரில் நாய்.

"பாத்தியா? கெளம்பு" என்று கோட்டை நீட்டினார் ஹோரஸ்.

டெஸ்மண்ட் காலியான தரையையே பார்த்தார். மெல்லக் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்தார். இருமினார். கடைசி ஜன்னல் வரை கேட்கும் இருமல். வாசலை எட்டிவிட்ட டைக்காரர் நின்றார். டெஸ்மண்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை இருமினார்.

வரிசை திரும்பி வந்தது. அதே ஒழுங்கு; யாரும் யாரையும் முந்தவில்லை.

"என்னய்யா பண்றே?"

"நிக்கிறாங்கப்பா. எனக்காக நிக்கிறாங்க."

"உனக்காக இல்லய்யா. உன் சாவுக்காக."

"இருக்கட்டுமே. வீட்ல மாத்திரை குடுக்கத்தான் ஆள் வருது."

ஹோரஸ் கோட்டை அவர் தோளில் போர்த்தினார். மகளைக் கையோடு கூட்டிவந்தால்தான் இவன் எழுவான். ஹோரஸ் வெளியேற டைக்காரர் பணிவோடு வழிவிட்டார்.

"எவ்வளவு பெரிய வீரர்! எங்களால முடிஞ்ச மரியாதை."

"வல்கன் ஒரு ஆளைக் கொல்லணும்னா எதிரி நாடு வரைக்கும் பறக்கணும்" என்றார் ஹோரஸ். "நீங்க வரிசைல நின்னே முடிச்சிடுறீங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றார் டைக்காரர்.

ஹோரஸ் திரும்பிப் பார்க்காமல் காரை நோக்கி நடந்தார்.