கதவோர நாற்காலி

அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்ய முடிவெடுத்தால் முதலில் ஒரு பதிவேடு வாங்கும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவன் நான். பெயர் ஹாஸிம். எங்கள் மோசூலில் மனக்காயப் பராமரிப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. போரில் உயிர் தப்பியவர்களின் மனதைத் தேற்றுவது அதன் திருப்பணி. பதினோரு ஆலோசகர்கள், ஓர் இயக்குநர், ஓர் எழுத்தர். எழுத்தர்தான் அடியேன். என் பையில் எந்நேரமும் நான்கு அலுவலக உபகரணங்கள் இருக்கும்: வருகைப் பதிவேடு, மைப்பெட்டி, மேசை மணி, திருப்புளி.

ஆலோசகர்களுக்கு ஆண்டு முழுக்கப் பயிற்சி. முதலில் பயிற்சி, பிறகு பயிற்சி கொடுப்பதற்கான பயிற்சி, அதில் களைத்தவர்களுக்குப் புத்துணர்வுப் பயிற்சி. சென்ற ஆண்டு எங்கள் டாக்டர் ரஃபல் இடையில் கிடைத்த ஒரு மதியவேளையில் தவறுதலாக ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டார். மறுநாளே மெமோ வந்தது. பாவம், இளம் வயது, விதிமுறை தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊரில் வாரத்தின் முதல் வேலைநாள். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ரொட்டிக்கடை தன்னூன் வந்து நின்றார்.

"ஹாஸிம், என் கண்ணு, டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"இல்லண்ணே. எல்லாரும் பயிற்சிக்குப் போயிட்டாங்க."

"என்ன பயிற்சி?"

"உங்கள மாதிரி ஆளுங்க வந்தா எப்படிப் பாக்கணும்னு."

"அதான் வந்திருக்கேனே!"

"அவங்க இல்லையேண்ணே."

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. தன்னூனை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். போருக்குப் பிறகு கதவு சாத்திய அறையில் அவரால் இருக்க முடியாது. கடைக்கே கதவு வைக்கவில்லை. மழைக்காலத்தில் மாவோடு சேர்ந்து அவரும் நனைவார்.

"வியாழக்கிழமை ஸுஹாவுக்குக் கல்யாணம்ப்பா. ஒரே பொண்ணு. மண்டபத்துல ஏசி போட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. அப்பன் வெளிய நின்னா அவ மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லு? ஒரு மணி நேரம் உள்ள உட்கார்ற மாதிரி பண்ணிக் குடுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

"எந்த மண்டபம்?"

"ஆத்தங்கரை ஓட்டல்."

எங்கள் பயிற்சியும் அதே மண்டபத்தில்தான். வாங்கண்ணே என்று கூட்டிக்கொண்டு போய்விட்டேன். டாக்டர் ரஃபல் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். 'பாதிக்கப்பட்டவராக நடிப்பவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. "இதுல இவர் பேர எழுதுங்க ஹாஸிம். நோயாளின்னு எழுதினா உள்ள விட மாட்டாங்க" என்றார். எழுதினேன். இப்படியாக, உயிர் தப்பியவராகிய தன்னூன், உயிர் தப்பியவராக நடிக்க முறைப்படி நியமிக்கப்பட்டார்.

அந்த மண்டபத்துக்கு ஒரே கதவு. கதவை ஒட்டி மூன்று நாற்காலிகள். படித்த ஆலோசகர்கள் அவற்றுக்காகத் தினமும் அடித்துக்கொண்டார்கள். எட்டரை மணி வகுப்புக்கு ஏழு மணிக்கே வந்து கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். போர் எட்டாத பக்கத்து நாட்டுத் தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்த நிபுணர் டாக்டர் ஷுக்ரி இதைக் கவனித்து, 'பயிலாளர்கள் முன்வரிசையைத் தவிர்க்கிறார்கள். ஆர்வம் போதாது' என்று குறிப்பெழுதினார். மூன்றில் ஒன்று நிரந்தரமாக என்னுடையது. பதிவேடு வைத்திருப்பவன் வாசலில்தானே இருக்க முடியும்? எங்கள் இயக்குநர் டாக்டர் முஹன்னத் மண்டபத்துக்குள் வரவே மாட்டார். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி மேற்பார்வை செய்துவிட்டுப் போய்விடுவார். பெரிய பதவி.

நிபுணர் கையில் ஒரு பட்டியல் இருந்தது: பாதிக்கப்பட்டவரின் பதினேழு அடையாளங்கள். ஓர் ஆலோசகருக்குப் பத்து நிமிடம். பத்தாவது நிமிடம் நான் மணி அடிக்க வேண்டும்.

"கதவைச் சாத்துங்க, குளிரெல்லாம் போகுது" என்றார் நிபுணர்.

தன்னூன் ஓடிப்போய்க் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"கொஞ்சம் ஓவரா நடிக்கிறீங்க. பரவாயில்ல, முதல் நாள்தானே. ஆரம்பிங்க."

தன்னூன் அங்கே நின்றபடியே ஆரம்பித்தார். "பொண்டாட்டி புள்ளைய அக்கரைக்கு அனுப்பிட்டு நான் மட்டும் வீட்டுல இருந்தேன். குண்டு விழுந்துது. நிலவறைக்குள்ள ஓடினேன், மேல வீடே இறங்கிடுச்சு. கதவு அசையல. ஒரே இருட்டு. முதல் நாள் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பாடா, இன்னிக்கி ஒரு நாளாவது அவ என்னை கேஸ் சிலிண்டர் தூக்கச் சொல்ல மாட்டா!"

ஆலோசகர்கள் சிரித்துவிட்டார்கள். தன்னூனும் சிரித்தார்.

"நிறுத்துங்க" என்றார் நிபுணர். "பாதிக்கப்பட்டவர் சிரிக்க மாட்டார். நாலாவது அடையாளம். மேல சொல்லுங்க."

"ரெண்டாம் நாள் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினாங்க. நானும்..."

டிங்.

என் கடமையைச் செய்தேன். அடுத்த ஆலோசகர் வந்தார். தன்னூன் மறுபடி குண்டிலிருந்து தொடங்கினார். புதன்கிழமைக்குள் அந்த வீடு பதினோரு முறை இடிந்தது. பதினோரு முறையும் சுவர் தட்டப்பட்டதும் மணி அடித்தது. தன்னூனின் நடிப்புக்குப் பதினேழுக்கு நான்கு மதிப்பெண்.

"ஐயா, இவர் நடிக்கல" என்று ரஃபல் பொறுக்க மாட்டாமல் எழுந்தார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். நடிக்கவே இல்ல. நீங்க வந்து செஞ்சு காட்டுங்க பாப்போம்."

ரஃபல் போய் உட்கார்ந்து, மருத்துவமனையில் மாணவியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்தார். பதினேழுக்கு மூன்று.

"நீங்க போரையே பார்த்ததில்லையா டாக்டர்?"

"பார்த்திருக்கேன் ஐயா."

"கவனிச்சுப் பார்க்கல."

கடைசியில் நிபுணரே நடித்துக் காட்டினார். தலையைக் கவிழ்த்தார், கையை நடுங்க வைத்தார், உதட்டைக் கடித்தார், குலுங்கிக் குலுங்கி அழுதார். பதினேழு அடையாளங்களும் வரிசை தவறாமல் வந்தன. மண்டபமே கைதட்டியது. தன்னூன் மட்டும் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

"அழாதீங்க தம்பி. எல்லாம் முடிஞ்சுபோச்சு. எந்தத் தெருல இருந்தீங்க?"

"அம்மான்ல."

"ஐயோ, அங்கயுமா!"

வியாழக்கிழமை பிற்பகல் சான்றிதழ் வழங்கும் விழா. பதினோரு பேரும் சிறப்புத் தேர்ச்சி. தன்னூனுக்குக் கலந்துகொண்டதற்கான ஒரு தாள். அவர் மனுஷன், எல்லோரையும் அப்படியே கல்யாணத்துக்கு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நிபுணர், இயக்குநர் உட்பட யாரும் மறுக்கவில்லை. மோசூலில் கறி பொதிந்த குப்பா வாசனை வரும்போது மறுக்கிறவன் நோயாளி.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மேளத்தோடு உள்ளே போனார்கள். ஓட்டல் மேலாளர் கதவைச் சாத்தினார். தன்னூன் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே நின்றார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் பிரிவே வெளியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் கல்யாண உடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி ஸுஹாவே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"பாபா, உள்ள வா."

"வரேன்மா. வர்றவங்கள வாங்கன்னு சொல்ல ஆள் வேணாமா?"

"எல்லாரும் வந்தாச்சு பாபா. மேடையில உன் நாற்காலி மட்டும்தான் காலியா இருக்கு. எல்லாரும் பாக்கிறாங்க."

தன்னூன் ஓரடி வைத்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டு வந்தது. அப்படியே பின்வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைத்தது. ஸுஹாவின் கண் மை கலைய ஆரம்பித்தது.

சான்றிதழ் பெற்ற பதினோரு பேரும் நிபுணரைப் பார்த்தார்கள்.

"இது நிஜ ஆள்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "நாம முடிச்சது முதல் நிலை. நிஜ ஆளுங்க நாலாம் நிலையிலதான் வர்றாங்க."

"அது எப்போ ஐயா?"

"நிதி வந்ததும்."

ரஃபல் தன் சான்றிதழைச் சுருட்டி என் கையில் திணித்தார். "யார்கிட்டயாவது திருப்புளி இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"இத எதுக்குப் பையில வச்சிருக்கீங்க?"

"அலுவலக உபகரணம்மா."

ஆறு திருகாணிகள். மேலாளர் "ஏசி! ஏசி!" என்று அலறிக்கொண்டிருக்கும்போதே கதவு கழன்று சுவரில் சாய்ந்தது. உள்ளே இருந்த குளிரெல்லாம் வெளியே வந்து எங்கள் முகத்தில் அடித்தது. தன்னூன் வாசலைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரஃபல் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சுவத்துக்கு அந்தப் பக்கம் தட்டினாங்க. அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

தன்னூன் என் கையைப் பார்த்தார். நான் மணியைப் பைக்குள் போட்டுப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"நானும் தட்டினேன்மா. அவன் தட்டினா நான், நான் தட்டினா அவன். விடிய விடிய. மறுநாள் என்னைத் தோண்டி எடுத்தாங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான்னு கத்தினேன். அவங்க அங்க தோண்டறதுக்குள்ள தட்டுறது நின்னுபோச்சு. யாருன்னுகூடத் தெரியாது. அதான், கதவு சாத்தினா இப்பவும் காது அங்கயே போயிடுது."

ரஃபல் எந்த அடையாளத்தையும் தேடவில்லை. தன் நாற்காலியை அவரோடு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "போங்கண்ணே. பொண்ணு காத்துக்கிட்டிருக்கு" என்றார். தன்னூன் எழுந்து மேடைக்கு நடந்தார். ஸுஹா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கேட்டவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ஆடவும் ஆடினார்.

கடைசியில் ஒரு தட்டு குப்பாவோடு என்னிடம் வந்தார். சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் நிபுணர் மட்டும் ராஜாபோல உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். பதினோரு ஆலோசகர்களும் வாசலை அடைத்துக்கொண்டு மடியில் தட்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹாஸிம், என் கண்ணு, பயிற்சி முடிஞ்சுபோச்சு. பதிவேட்டையும் மூடியாச்சு. நீ ஏன் இன்னும் கதவோரமே உட்கார்ந்திருக்க?"

"பதிவேடு..." என்றேன்.

"அந்தத் திருப்புளி?"

நான் குப்பாவைப் பார்த்தேன்.

"மணியெல்லாம் கிடையாது. சொல்லு" என்றார்.

எட்டு வருஷமாக எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன்.

"ஹாஸிம்!" வெளியே நின்ற இயக்குநர் தலையை நீட்டினார். "என்ன நடக்குது இங்க? அவர் சான்றிதழ் இல்லாதவர். அவர்கிட்ட யாரும் எதையும் சொல்லக் கூடாது. இத நேர்ல கண்காணிக்க வேண்டியிருக்கு."

கதவில்லாத வாசலை இரண்டு தரம் பார்த்துவிட்டு, முதன்முறையாக மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தார். நான் எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னூன் குப்பாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

இயக்குநர் ஒன்றைக் கடித்தார். மென்றார். மீதியைத் தட்டில் வைத்தார்.

"எங்க வீட்டுலயும் ஒரு நிலவறை இருந்துது" என்று ஆரம்பித்தார்.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். பதவி வரிசைப்படி அவருக்குத்தான் முதல் உரிமை. அடுத்து, பணிமூப்பின்படி, பதினோரு ஆலோசகர்கள். எழுத்தரின் முறை கடைசியில்தான் வரும், அதுவரை நான் நின்றுகொண்டிருக்கிறேன்.