மூத்த சர்வர்

புதிய சர்வரின் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளத்துரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வெளியே ஒரு கூச்சலும் இல்லை. பில்லிங் அனுசியா வழக்கம்போல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா இசக்கி? புதுசு இல்லாமலே ஆபீஸ் ஓடுது!"

சர்வர் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த இசக்கியம்மாள், "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, கால எடுங்க" என்றாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கன்டெய்னர் கம்பெனியில், எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் அதற்கு ஒரு முகவரி எண் கொடுப்பது சர்வரின் வேலை. எண் கிடைக்காத கம்ப்யூட்டர் யாரோடும் பேச முடியாது. பல வருடங்களாக அதை ஒரே சர்வர் செய்தது. அந்தச் சர்வரை வெள்ளத்துரை பார்த்துக்கொண்டார். ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று முதலாளி கிருபாநிதி சமீபத்தில் இரண்டாவது சர்வர் வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள, சாகுபுரத்தில் வேலையிலிருந்த ஜாய்சனையும் கூட்டிவந்தார். அன்றிலிருந்து வெள்ளத்துரைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பழையதைத் தொட ஜாய்சனுக்கு அவர் அனுமதி தரவில்லை. ஆயுத பூஜைக்குத் தன் சர்வருக்கு மட்டும் சந்தனம் பூசி, மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றினார். புதியதற்கு ஒரு பொட்டுகூடக் கிடையாது. அதுவோ, மறுநாளிலிருந்து தினமும் அவருக்கு எச்சரிக்கை மெயில் அனுப்பியது. மூத்த சர்வரைப் பற்றிக் கோள் மூட்டுகிறது என்று படிக்காமலே அழித்தார்.

இன்று விஷயம் முற்றிவிட்டது. மாப்பிள்ளையூரணியில் திறக்கும் கிளைக்கு யார் பொறுப்பு என்று மதியம் முதலாளி சொல்லப்போகிறார். அது ஜாய்சனுக்குப் போய்விட்டால், வீட்டில் மனைவி முருகேஸ்வரி முகத்தில் எப்படி விழிப்பது?

ஜாய்சன் உள்ளே வந்தான். "அண்ணாச்சி, கேபிள எதுக்குக் கழத்துனிய?"

"ஏலே, ஒம் மிஷினு எந்நேரமும் மாவு மில்லு மாதிரி இரையுது. நம்மாளப் பாரு, மூச்சு விடுத சத்தம்கூடக் கேக்காது. தனியா ஆபீஸையே தாங்குது!"

"காலையில வாங்குன நம்பர வச்சி ஓடுது அண்ணாச்சி. திருப்பிப் போட்டாத்தான தெரியும்?"

"போடச் சொல்லுதேன்லே!"

வெள்ளத்துரை ஹாலுக்குப் போய்க் கையைத் தட்டினார். "எல்லாரும் அணைச்சிட்டுத் திருப்பிப் போடுங்க!"

போட்டார்கள். ஒன்றுக்குக்கூட எண் கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, நெட்டு போயிட்டு!" என்றாள் அனுசியா. எடைமேடையில் லாரிகள் நின்றன.

"புதுசு போகும்போது என்னமோ செய்வினை வச்சிட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, வெள்ளத்துரை வாட்ச்மேன் அறைக்கு ஓடினார். அங்கே சும்மா கிடந்த வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். பெட்டி தன் இஷ்டத்துக்கு எண்களை அள்ளி வழங்கியது. கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டன. ஆனால் அவை இந்த ஆபீஸ் எண்களே இல்லை. பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. அணைக்காமல் தப்பித்திருந்த கேட் கம்ப்யூட்டரும் சற்று நேரத்தில் அதே பொய் எண்ணை வாங்கிக்கொண்டு படுத்தது. லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கத் தொடங்கினார்கள்.

முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "யாரு பாத்த வேல இது?"

"இந்தத் தம்பியோட மிஷினுதான் மொதலாளி! வந்த அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல."

ஜாய்சன் வைஃபை பெட்டியைக் கழற்றினான். புதிய சர்வரின் கேபிளை மாட்டி, எல்லோரையும் மறுபடி அணைத்துப் போடச் சொன்னான். எல்லாம் உயிர் பெற்றன. ஹாரன் சத்தம் அடங்கியது.

முதலாளி தாடையைத் தடவினார். "புதுசக் கழத்துனா எல்லாம் படுக்குது. மாட்டுனா எந்திரிக்குது. அப்போ பழசு என்னதான் செய்யுது?"

வெள்ளத்துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாடிய மாலையை விலக்கிக் காட்டினார். "என்ன மொதலாளி இப்படிக் கேட்டுட்டிய? நல்லாப் பாருங்க! பச்சையும் செவப்புமா எப்படி மின்னி மின்னி வேல பாக்குது!"

இசக்கியம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, பழைய சர்வரின் பின்னாலிருந்து வந்து தரையில் கிடந்த ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டினாள்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி, அந்தச் சீரியல் பல்ப மாட்டுததுக்கு ஆயுத பூசையன்னைக்கு நீங்க பிடுங்குன பிளக்கு இன்னமும் இங்கனதான் கெடக்கு, தெனமும் இத ஒதுக்கிட்டுத்தான் பெருக்குதேன்."