ஒருவர் நீங்கலாக ஏகமனதாக

கருத்து வேற்றுமையால் மனித குலம் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த அலுவலகம் மட்டும் பட்டதில்லை. மாதக் கூட்டத்தில் மேலாளர் தீர்மானத்தைப் படிப்பார். படித்து முடிப்பதற்குள் எல்லா வலது கைகளும் மேலே போய்விடும். "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதிவிட்டு டீ குடிப்பார்கள்.

அப்படி நிறைவேறியவற்றுள் ஒன்று, மாடிப்படிகளைப் பளபளவென்று மெருகேற்றும் தீர்மானம். தலைமை எழுத்தரும் கை தூக்கியிருந்தார். மெருகேறிய மறுநாளே அந்தப் படியில் வழுக்கி, தூக்கிய அதே கையின் மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது. தோள்தான் ஒத்துழைக்கவில்லை. சட்டை மாட்டிவிட மனைவி வேண்டும். தலைவாரிவிடவும் மனைவிதான். வகிடு அவர் கேட்ட பக்கத்தில் இருக்காது.

வேலைக்குத் திரும்பியதும் வந்த கூட்டத்தில் எல்லாக் கைகளும் எழுந்தன. அவருடையது மேசைமேல் கிடந்தது. பதறிப்போய் இடது கையைத் தூக்கினார். விதியில் வலது கை என்றுதான் இருக்கிறது என்றார் மேலாளர்.

"இடது கையும் செல்லும்னு வச்சா, நாளைக்கு ஒருத்தர் ரெண்டையும் தூக்குவாரு. அப்புறம் எண்ணிக்கை என்ன ஆகும்?"

அலுவலக வரலாற்றில் முதன்முறையாக, "ஒருவர் நீங்கலாக ஏகமனதாக" என்று எழுதப்பட்டது.

மாலைக்குள் தலைமை எழுத்தர் பெரிய மனிதராகிவிட்டார். கணக்குப் பிரிவில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். காவலாளி தனியே அழைத்து, யாராவது ஒருத்தர் கேட்கத்தானே வேண்டும் என்று நெகிழ்ந்தார். தோள் ஒத்துழைக்காத கதையைச் சொல்ல அவர் வாயெடுத்தார். சொல்லவில்லை. மதிப்பு தானாக வரும்போது தடுப்பது மரியாதையாகாது.

மேலாளர் கலங்கிப்போனார். அந்தக் கை சீக்கிரம் எழவேண்டும் என்பதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி அனுமதி தந்தார். பிசியோதெரபிப் பெண் அவரைக் குனியவைத்து, கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டச் சொன்னார். பிறகு சுவரில் விரல்களால் ஏறச் சொன்னார். தோளைக் காதுவரை குறுக்கி, உடம்பைச் சாய்த்து ஏமாற்றினால் பிடித்துவிடுவார்.

"நீங்க சாயக்கூடாது சார். கை மட்டும் போகணும்."

வீட்டில் சமையலறைச் சுவரில் விரல் எட்டிய இடத்தை மனைவி பென்சிலால் குறித்துவந்தாள். கோடு சுவிட்சைத் தாண்டியது. நாட்காட்டியையும் தாண்டியது. இனிமேல் தலையை நீங்களே வாரிக்கொள்ளலாம் என்றாள். அவருக்கு மகிழ்ச்சிதான். கூடவே, கை எழுந்துவிட்டால் காவலாளி என்ன நினைப்பார் என்ற கவலையும் வந்தது. ஒரு கொள்கை முடிவு எடுத்தார். கை எழும். ஆனால் அவர் எழுப்பினால்தான் எழும்.

அந்தச் சமயத்தில் டைப்பிஸ்ட் பெண் அதே படியில் வழுக்கினாள். அதே எலும்பு, அதே பக்கம். அறுவை முடிந்து, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி வந்தவள் பயிற்சி அனுமதி கேட்டாள். மேலாளர் ஆழ்ந்து யோசித்து, அனுமதி கிடைப்பதால்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அனுமதியை ரத்து செய்யும் தீர்மானம் தயாரானது.

டைப்பிஸ்ட் தலைமை எழுத்தரின் மேசைக்கு வந்தாள்.

"இந்தக் கை இப்படியே நின்னுபோயிடும்னு டாக்டர் பயமுறுத்துறாரு. நீங்க இருக்கீங்கன்னு ஒரு தெம்புண்ணா. எல்லாரும் தூக்கினப்ப நீங்க ஒருத்தர்தானே தூக்கல."

"பார்த்துக்கலாம்மா," என்றார் அவர், கம்பீரமாக.

கூட்டத்தில் மேலாளர் படித்தார். கைகள் எழுந்தன. தலைமை எழுத்தர் மேசையையே பார்த்துக்கொண்டு உறுதியாக உட்கார்ந்திருந்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

கை எழுந்தது. தோள் குறுகவில்லை. உடம்பு சாயவில்லை. முழங்கை நிமிர்ந்து, மேற்கை காதை ஒட்டி நின்றது. சமையலறைச் சுவரில் எந்தக் கோடும் அந்த உயரத்தில் இல்லை. மருத்துவத்தின் மகத்தான வெற்றியைக் கண்டு மேலாளர் கைதட்டினார். மற்றவர்களுக்கு ஒரு கை மேலே இருந்ததால் மேசையைத் தட்டினார்கள்.

"ஒருவர் நீங்கலாக ஏகமனதாக" என்று எழுதப்பட்டது. அந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"வலிக்கலையாண்ணா?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள்.

"கொஞ்சம்கூட இல்லம்மா," என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார்.